போலி லெகோ: பெயரை மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் பொம்மைக் கட்டைகள் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில், கட்டையின் மேல் வட்டமாக எழும்பி நிற்கும் குமிழ்களின் மேல் லெகோ என்ற நிறுவனப் பெயர் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த வரியை நம்பி வாங்கப் போகிறவர் இரண்டு விதத்திலும் ஏமாறுவார். பெயர் இல்லாமல் நேர்மையாக விற்கப்படும் கட்டையைப் போலி என்று தள்ளிவிடுவார். பெயர் உள்ள போலிக்கு அசல் விலை கொடுத்துவிட்டு வருவார். பழைய கட்டைகளை வாங்கி, பிரித்து, வகைப்படுத்துவதே வேலையாக இருக்கும் சேகரிப்பாளர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், லெகோ அளவிலேயே கட்டை செய்து விற்பது குற்றமே அல்ல. மேலே குமிழ், உள்ளே குழாய், இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்வது என்ற அமைப்புக்கு டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் உள்ள லெகோ நிறுவனம் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பிறகு கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக்கிக் காப்பாற்றப் பார்த்தார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 2005-லும், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010 செப்டம்பரிலும் அதை ஏற்கவில்லை. குமிழ் இருப்பது கட்டைகளைக் கோப்பதற்காக. ஒரு வேலையைச் செய்வதற்காக அமைந்த வடிவத்தைச் சின்னம் என்று சொல்லி ஒருவரே காலமெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்புகளின் சாரம். அதனால்தான் மெகா பிளாக்ஸ், போலந்தின் கோபி, கொரியாவின் ஆக்ஸ்ஃபோர்டு போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெயரில், சொந்த வடிவமைப்பில் விற்க முடிகிறது. இவை லெகோவோடு பொருந்தும் கட்டைகள். போலி என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கையும் காலும் அசையும் அந்தக் குட்டி மனிதப் பொம்மை, சேகரிப்பாளர்கள் மினிஃபிகர் என்று சொல்வது, வேறு கதை. 1978-ல் வந்த அந்த உருவத்தின் மீதுள்ள வணிகச் சின்ன உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2015-ல் உறுதி செய்தது. ஆகவே கட்டையைப் பின்பற்றலாம். மனிதனைப் பின்பற்றினால் சிக்கல்.

போலி என்று சொல்ல வேண்டியது, ஒருவர் வடிவமைத்த செட்டை, அதாவது ஒரு மாதிரியைக் கட்டத் தேவையான பாகங்களின் தொகுப்பை, அப்படியே எடுத்து, பெட்டிப் படத்தையும் கையேட்டையும் நகல் அடித்து, பெயரையும் சின்னத்தையும் குழப்பும்படி வைத்து விற்பதை. லெகோ செட்டுகளை நகலெடுத்து விற்ற லெப்பின் என்ற சீனப் பெயர் இதில் சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 2018 நவம்பரில் குவாங்சோ நீதிமன்றம் ஒன்று, அதன் பின்னால் இருந்த 4 நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்த வேண்டும், 45 லட்சம் யுவான் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. 2019 ஏப்ரலில் ஷாங்காய் காவல்துறை அந்தக் கும்பலைப் பிடித்த செய்தி வெளிவந்தது. 2020 செப்டம்பரில் முக்கியக் குற்றவாளிக்கு 6 ஆண்டு சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதிக்கப்பட்டன. அந்தப் பெயர் ஓய்ந்தது. சந்தைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கட்டைகள் அப்படியே இருக்கின்றன. அவை பெட்டியை இழந்து, கையேட்டை இழந்து, இன்று பழைய லெகோ என்ற பெயரில் கிலோ கணக்கில் கை மாறுகின்றன. புதுப் பெட்டி வாங்குகிறவரைவிடப் பழையது வாங்குகிறவர்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அந்தக் கும்பல் எப்படிச் செய்தது என்பதிலேயே போலியைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. அசல் செட்டை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, கணினியில் மாதிரி வரைந்து, அதை வைத்து வார்ப்பு அச்சு வெட்டினார்கள். அதாவது, நகல் எடுத்தது ஆறி இறுகிய கட்டையிலிருந்து. கட்டை செய்யப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் உருகிய நிலையில் அச்சுக்குள் போய் ஆறும்போது ஏறக்குறைய 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். அசல் அச்சை வெட்டுகிறவர் அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்து அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டியிருப்பார். நகல் எடுக்கிறவர் அதைச் சரியாகக் கணக்கிடாவிட்டால் அவருடைய கட்டை இன்னொரு முறை சுருங்கிப் பிறக்கும். 8 குமிழ் உள்ள சாதாரணக் கட்டையின் நீளம் 31.8 மி.மீ. அதில் அரை சதவீதம் என்றால் 0.16 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 32 குமிழ் நீளச் சுவரில், அதாவது 256 மி.மீ. நீளத்தில், அதுவே 1.3 மி.மீ. அளவுக்கு வந்து நிற்கும். ஒரு கட்டை சரியாகத்தானே பொருந்துகிறது, பத்தாவது கட்டை ஏன் ஏற மறுக்கிறது என்று குழந்தை கேட்கும் கேள்விக்கு விடை இதுதான்.

கட்டுரையில் விட்டுப்போன அளவுகளை இங்கே சொல்லிவிடுகிறோம். குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. குமிழைச் சேர்க்காமல் கட்டையின் உயரம் 9.6 மி.மீ. பிளேட் எனப்படும் மெல்லிய பாகம் 3.2 மி.மீ., மூன்று பிளேட் ஒரு கட்டைக்குச் சமம். கட்டையின் அகலம் மட்டும் 8-இன் மடங்கைவிட 0.2 மி.மீ. குறைவாக இருக்கும், பக்கத்துக் கட்டை உரசாமல் இறங்குவதற்காக விட்ட இடைவெளி அது. உள்ளே இருக்கும் குழாயின் வெளிவிட்டம் ஏன் 6.5 மி.மீ.? நான்கு குமிழ்களின் நடுவே அது போய் உட்கார வேண்டும். மூலைவிட்டமாக இரண்டு குமிழ் மையங்களுக்கு இடையே 11.31 மி.மீ.; அதில் குமிழின் விட்டமான 4.8-ஐக் கழித்தால் 6.51. குழாய் நான்கு பக்கமும் தொட்டும் தொடாமலும் அழுத்திக்கொண்டு நிற்கிறது. இந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடினால் பிரிக்க நகம் உடையும். குறைந்தால் தூக்கும்போதே கழன்று விழும்.

ஆகவே வாங்க வேண்டிய முதல் கருவி, பொருளைத் தாடைகளுக்கு நடுவே பிடித்து நுட்பமாக அளக்கும் ஒரு டிஜிட்டல் காலிப்பர். ஒரு கட்டையை அளந்து முடிவுக்கு வராதீர்கள், 0.05 மி.மீ. வித்தியாசத்தில் கருவியின் பிழை எது, கட்டையின் பிழை எது என்று பிரிக்க முடியாது. சந்தேகமான கட்டைகள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி இல்லாமல் அழுத்தி அடுக்குங்கள். மேல் குமிழைத் தவிர்த்து அளந்தால் 96 மி.மீ. வர வேண்டும். பத்தின் பிழையும் சேர்ந்து தெரிவதால் ஏமாற்றம் குறைவு. அடுக்கின் பக்கத்தில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். அசலில் கோடுகள் சீராக உணரப்படும். போலியில் ஒரு கட்டை உள்ளே தள்ளியும் ஒன்று வெளியே நீட்டியும் தட்டுப்படும். அதே அடுக்கைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னால் விளக்கு வைத்தால், சரியாக உட்காராத இணைப்பில் வெளிச்சம் கசியும்.

இழுத்துப் பார்க்கும்போது தெரியும் இன்னொன்று: எட்டுக் குமிழ்க் கட்டைகள் இரண்டை இணைத்துப் பிரிக்கும் விசை, பத்து ஜோடிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். போலியின் அடையாளம் தளர்வு மட்டும் அல்ல. ஒரே பையில் ஒன்று தளர்வாகவும் அடுத்தது பல்லால் கடித்துப் பிரிக்கும்படியும் இருந்தால், அச்சுகள் தேய்ந்தும் அளவு மாறியும் இருக்கின்றன என்று பொருள். மிகை இறுக்கம்தான் உண்மையில் ஆபத்து. அது பக்கத்தில் உள்ள அசல் கட்டையின் சுவரை நாள்கணக்கில் விரித்துக்கொண்டே இருக்கும். ஒற்றைக் குமிழ்க் கட்டையின் பக்கவாட்டில் மயிரிழை விரிசல் விழுவது பல நேரங்களில் இப்படித்தான்.

பற்சக்கரமும் அச்சுத்தண்டும் வைத்து இயங்கும் மாதிரிகளைக் கட்டும் டெக்னிக் வகை செட்டுகளில் போலியின் குறையை மறைக்கவே முடியாது. அங்கே பற்சக்கரங்களும் இந்த 8 மி.மீ. இடைவெளியை நம்பித்தான் சுழல்கின்றன. 8 பல் சக்கரத்தின் ஆரம் 4 மி.மீ., 24 பல் சக்கரத்துக்கு 12 மி.மீ.; கூட்டினால் 16, அதாவது சரியாக இரண்டு குமிழ் தூரம். 8 பல்லும் 40 பல்லும் சேர்ந்தால் 24 மி.மீ., மூன்று குமிழ். துளைகளின் இடைவெளி கொஞ்சம் சுருங்கினால் பற்கள் ஒன்றையொன்று நெருக்கும், விரிந்தால் வழுக்கும். துளையுள்ள சட்டங்களை ஒன்றோடொன்று கோக்கும் கருப்பு உராய்வு முளைகள் துளையில் சற்றுத் தடிப்பாக இருந்தால், ஒவ்வொன்றும் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, நீண்ட சட்டமே வில்லாக வளையும். ஏழெட்டுச் சக்கரங்கள் வரிசையாகச் சுழலும் கியர்பாக்ஸில் இந்தச் சின்னச் சின்ன உராய்வெல்லாம் ஒன்று சேர்ந்து, கைப்பிடியைத் திருப்பினால் சக்கரத்துக்குப் பதிலாகக் குறுக்கு அச்சுத்தண்டு முறுக்கிக்கொள்ளும். கட்டியவர் கையேட்டைச் சரியாகப் படிக்கவில்லையோ என்று முழுவதையும் கழற்றித் திரும்பக் கட்டுவார். குறை அவர் மீது இல்லை.

இனி கண்ணால் பார்ப்பது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், தாழ்ந்த கோணத்தில் பிடிக்க ஒரு டார்ச்சும் வேண்டும். நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எழுத்துகள் மறைந்துவிடும். பக்கத்திலிருந்து அடித்தால் நிழலோடு எழும்பி நிற்கும். அசலில் குமிழின் மேலுள்ள எழுத்துகளின் ஓரங்கள் கூர்மையாக, எல்லாக் குமிழிலும் ஒரே உயரத்தில், ஒரே திசையில் இருக்கும். எழுத்து மழுங்கி, சோப்புக் கட்டியில் பதிந்தது போல வட்டமாக இருந்தால் தேய்ந்த கட்டையாகவும் இருக்கலாம், நகல் அச்சாகவும் இருக்கலாம். அப்போது குமிழின் ஓரத்தைப் பாருங்கள். விளையாடித் தேய்ந்தது என்றால் ஓரமும் கீறலோடு தேய்ந்திருக்கும். ஓரம் பளபளவென்று புதிதாக, எழுத்து மட்டும் மழுங்கி இருந்தால் அது நகல்.

கட்டையைத் திருப்பினால் அடியில் அந்தப் பாகத்தின் வகையைக் குறிக்கும் எண் இருக்கும். எட்டுக் குமிழ்க் கட்டைக்கு 3001, நான்கு குமிழ்க் கட்டைக்கு 3003, இரட்டைக் குமிழ்க் கட்டைக்கு 3004, இரட்டைக் குமிழ் பிளேட்டுக்கு 3023. இந்த எண்கள் சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் பாகத்தின் படத்தோடு கிடைக்கின்றன. எண்ணும் பாகமும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகிக்கலாம். பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடத்தின் தழும்பையும் தேடுங்கள். அண்மைக் கால அசல் கட்டைகளில் அது பெரும்பாலும் ஒரு குமிழின் தலையில், எழுத்துக்கு நடுவே சிறு புள்ளியாக இருக்கும். மேலே இன்னொரு கட்டை வந்தால் மறைந்துவிடும். போலிகளில் அதே தழும்பு வெளிப்பக்கச் சுவரில் வெட்டிய முளை போல உறுத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் கோட்டில் மெல்லிய பிசிறு துருத்தியிருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

நிறத்தில் பெரிய சிக்கல் தனிக் கட்டையில் தெரியாது, கூட்டத்தில் தெரியும். ஒரே செட்டின் ஒரே நிறக் கட்டைகள் இருபதை ஜன்னல் வெளிச்சத்தில் பரப்பினால், போலியில் இரண்டு மூன்று சாயல் பிரிந்து நிற்கும். வெள்ளையும் மஞ்சளும் மெல்லியதாக வார்க்கப்பட்டு, டார்ச்சுக்கு முன் பிடித்தால் ஒளி ஊடுருவும்.

இங்கேதான் கட்டுரையின் விதி உடைகிறது. பெயர் இல்லாத அசல் பாகங்கள் நிறைய உண்டு. குமிழ் இல்லாத வழவழப்பான டைல்களில் பெயர் அடியில்தான் இருக்கும். நடுவில் துளை உள்ள குமிழின் தலையில் வழக்கமான அளவு எழுத்துக்கு இடம் இல்லை. துணி மேலங்கி, நூல், ரப்பர் வளையம், வளையும் குழல் எதிலும் பெயரை எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீரில் போட்டால் அசல் மூழ்கும் என்று சிலர் சொல்லும் சோதனையும் பாதி உண்மைதான். ஏபிஎஸ் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, மலிவான பாலிபுரொப்பிலீன் இலேசானது என்பது சரி. ஆனால் 2018 முதல் லெகோவே தன் இலை, செடி, மரப் பாகங்களைக் கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீனில் செய்கிறது, அவை மிதக்கும். கட்டையின் அடிக்குழியில் காற்று சிக்கினாலும் மிதக்கும். அதோடு நல்ல போலிகளும் ஏபிஎஸ்தான், தாராளமாக மூழ்கும்.

அசலின் குறைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நல்ல பொருளைத் தூக்கி எறிவோம். 1963-க்கு முன் வந்த கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட். காலப்போக்கில் முறுக்கி வளைந்திருக்கும், பிடிமானம் போயிருக்கும். அவற்றை இன்றைய அளவு வைத்துப் போலி என்றால் பாவம். பழைய வெள்ளையும் சாம்பலும் சூரிய ஒளியில் மஞ்சளாகும். 2004-ல் நிறுவனம் சாம்பல் நிறங்களை நீலச் சாயலுக்கு மாற்றியது, பழுப்பையும் செம்பழுப்பாக்கியது. எனவே இரண்டு சாம்பல் கலந்திருப்பது போலிக்குச் சான்று ஆகாது. 1990-களின் செட் என்று விற்கப்படுவதில் நீலச் சாம்பல் இருந்தால், யாரோ பாகம் மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். அதன்பின் பல ஆண்டுகள் வந்த செம்பழுப்பு, அடர்சிவப்புப் பாகங்கள் அசலாக இருந்தும் பிரிக்கும்போது படக்கென்று உடையும். உடைந்துவிட்டதே, போலி கொடுத்துவிட்டீர்களே என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகும் முன் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.

மினிஃபிகருக்கு வருவோம். பணம் அதிகம் பறிபோவது இங்கேதான். ஒரு சிறு உருவத்துக்கு ஒரு முழு செட்டின் விலை கிடைக்கும்போது, போலி செய்கிறவர் ஏன் கட்டை வார்த்துக்கொண்டிருப்பார்? 2003-ல் வந்த 10123 கிளவுட் சிட்டி செட்டில் இருந்த, கையிலும் காலிலும் பிரிண்ட் உள்ள, ஸ்டார் வார்ஸ் படப் பாத்திரமான போபா ஃபெட். 2013-ல் பத்தாவது மினிஃபிகர் வரிசையில் 5,000 மட்டும் வெளியிட்ட, தங்க நிற உருவமான மிஸ்டர் கோல்ட். இப்படிப்பட்டவை வெளியானதைவிட விற்பனைக்கு அதிகம் வருகின்றன என்று தோன்றும் அளவுக்கு நகல்கள் உலவுகின்றன.

தலையைக் கழற்றுங்கள். உடலின் கழுத்துக் குமிழில் பெயர் இருக்க வேண்டும். தலைமேல் உள்ள குமிழ் காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது; பழையது முழுதாக மூடியது, பின்னால் வந்தவற்றில் குழந்தை விழுங்கிவிட்டாலும் காற்று போவதற்காக வழி விட்டிருக்கும். ஆகவே தலையின் வகை அந்த உருவம் வெளியான ஆண்டோடு பொருந்துகிறதா என்று பட்டியலில் பாருங்கள். கையைப் பல கோணங்களில் திருப்பி விடுங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். 3.18 மி.மீ. தடியுள்ள அசல் கம்பி ஒன்றை உள்ளங்கையில் செருகித் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கம்பி வழுக்கி விழுந்தாலோ, செருகும்போது உள்ளங்கை வெளுத்து விரிந்தாலோ நல்லது அல்ல. இரண்டு கால்களும் இடுப்போடு சேரும் இடத்தில் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் உருவம் போலியாக இருக்கலாம். காரணம், கெட்டிக்காரப் போலிக்காரர் உடலை வார்ப்பதே இல்லை. மலிவாகக் கிடைக்கும் அசல் உருவத்தை வாங்கி, பிரிண்டைத் தேய்த்து அழித்து, அரிய உருவத்தின் பிரிண்டைப் போடுகிறார். தங்கப் பூச்சும் அப்படித்தான். கழுத்தில் பெயர் அசல், கையும் அசல், வயிற்றில் உள்ள படம் மட்டும் போலி. இதைப் பிடிக்கப் பெயர் உதவாது. பிரிண்டைத்தான் படிக்க வேண்டும். நிறுவனம் மென்மையான திண்டில் மையை எடுத்துப் பாகத்தின் மேல் ஒற்றுகிறது. லென்ஸில் அந்த நிறப்பரப்பு ஒட்டுமொத்தமாகத் தெரியும், கோடுகள் முடியும் இடம் சுத்தமாக இருக்கும். வீட்டுக் கருவியில் அடித்த டிஜிட்டல் பிரிண்ட் பல நேரம் புள்ளி புள்ளியாகத் தெரியும், விரலால் தடவினால் மேடாக உணரும். புள்ளியை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், பிரிண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் பாருங்கள். அழித்துப் போட்ட உடலில் முன்பக்கம் மட்டும் மினுமினுப்பு குறைந்து, மெல்லிய வட்டக் கீறல்கள் டார்ச் வெளிச்சத்தில் தெரியும். முதுகும் பக்கவாட்டும் பளபளக்கும். கருப்பு உடலில் தோல் நிறம் மங்கலாக இருப்பதை மட்டும் குறை சொல்ல வேண்டாம், அது அசலிலும் உண்டு. உலோகப் பூச்சு உள்ள உருவத்தில் மூட்டுக்குள் எட்டிப் பாருங்கள்: சேர்த்து வைத்தபின் பூச்சு அடித்திருந்தால் தோள் குழிக்குள் நிறம் நின்றுபோயிருக்கும்.

மூடிய பெட்டி என்றால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். பெட்டி அசலாக, உள்ளே இருப்பது போலியாக இருப்பது சாதாரணம். காலிப் பெட்டிகளுக்கே தனியாக வியாபாரம் நடக்கிறது. ஒட்டிய ஓரத்தில் அட்டையின் மேல்தாள் உரிந்து மறுபடி பசை போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி ஓரத்தில் சிறிதாகப் பதிந்திருக்கும் தயாரிப்புக் குறியைத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், நடுவில் ஆலைக்கான எழுத்து, கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி எண். அந்த ஆண்டு, செட் விற்பனையில் இருந்த காலத்துக்குள் விழ வேண்டும். ஒரு விற்பனையாளரிடம் உள்ள பத்துப் பெட்டியிலும் ஒரே குறி, ஒரே மங்கல் என்றால், படம் எடுத்து அச்சடித்த பெட்டியாக இருக்கலாம். பிளாஸ்டிக் பைகளில் காற்று வெளியேற ஊசித் துளைகள் இருக்கும். 2021 முதல் படிப்படியாகக் காகிதப் பைகள் வருகின்றன, எனவே பழைய செட்டில் காகிதப் பை இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். கையேடு எதையும் நிரூபிக்காது. நிறுவனமே அதைத் தன் தளத்தில் இலவசமாகக் கொடுக்கிறது, யாரும் அச்சடித்துக்கொள்ளலாம்.

செட் எண்ணையும் கவனியுங்கள். தாஜ் மகால் 2008-ல் 10189 என்ற எண்ணில் 5,922 பாகங்களோடு வந்தது. 2017-ல் அதே தாஜ் மகால் 10256 என்ற எண்ணில் 5,923 பாகங்களோடு மீண்டும் வந்தது. இரண்டும் அசலே. ஆனால் பின்னதைப் பிரித்துக் கட்டிவைத்துவிட்டு முன்னதன் விலை கேட்பவர்கள் உண்டு. பெட்டியும் கையேடும் இல்லாமல் கட்டி முடித்த நிலையில் வாங்குகிறவர் இரண்டாவதின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் விளையாடுவதற்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்மையான பொருந்தும் கட்டை எதுவும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பாதுகாப்புச் சோதனைக் குறி ஆகியவற்றோடு வரும். இவை எதுவும் இல்லாத கட்டையில் சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கவே ஆள் இருக்காது. காந்தம் உள்ள பாகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: கழன்று விழும் காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும். அப்படி நடந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கலவையாக வாங்கிய பையைப் பிரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் 40 டிகிரிக்கு மேல் சூடாகாத தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டுக் கையால் கழுவுங்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் அசலும் கெடலாம். பிரிண்ட், ஸ்டிக்கர் உள்ளவற்றைத் தண்ணீரில் போடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். காய்ந்தபின் நிறவாரியாகப் பிரிக்காதீர்கள், வடிவவாரியாகப் பிரியுங்கள். ஒரே வடிவம் ஐம்பது பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் வேறுபட்டது தானாகக் கண்ணில் படும். எட்டுக் குமிழ்க் கட்டைகளைத் தராசில் வையுங்கள்: ஒன்று 2.3 கிராம் அளவில் இருக்கும், நூறு சேர்ந்தால் ஏறக்குறைய 230 கிராம். கணிசமாகக் குறைந்தால் சுவர் மெல்லியது. முடிவுக்கு வர முடியாதவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். அசலோடு சேர்த்துவிட்டால் மறுபடி பிரிக்க முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போலி என்று உறுதியானதை மறுபடி சந்தைக்கு அனுப்பாதீர்கள். தெரியாமல் வாங்கியவர் தன் நஷ்டத்தை ஈடுகட்ட அடுத்தவர் தலையில் கட்டுவதால்தான் இந்தக் கட்டைகள் ஓய்வே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பொருந்தும் கட்டைகள் கலந்த சேகரிப்பை விற்கிறவர் விளம்பரத்திலேயே எந்த நிறுவனம், ஏறக்குறைய எத்தனை பங்கு என்று எழுதட்டும். மினிஃபிகர் விற்கிறவர் தலை கழற்றிய கழுத்தின் படத்தையும், பிரிண்டின் நெருக்கப் படத்தையும், முதுகுப் படத்தையும் சேர்த்துப் போடட்டும். வாங்குகிறவர் இந்த மூன்று படங்களைக் கேட்டு, கிடைக்காவிட்டால் விலகிவிடலாம்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த வார இணைப்பில் அந்த ஒற்றை வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். இடம் குறைவு என்றால் 4.8, 8, 9.6 என்ற மூன்று அளவுகளையும், கட்டையின் படம் ஒன்றையும், பத்துக் கட்டை அடுக்கு 96 மி.மீ. வர வேண்டும் என்ற குறிப்பையும் மட்டுமாவது அச்சிட்டால், வாசகர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களான கட்டைப் பொம்மைச் சேகரிப்பாளர்கள்